நீங்களே பார்த்துக் கொடுங்க

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் நாங்கள் நடக்கச் சொல்லிவிடுவோம் என்று இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறார். உன் இருமல் எப்படி இருக்கிறது?

நான் பாஸ். உன்னைப் போல நானும் இனி மயக்க மருந்து டாக்டர். போனில் சொன்னபோது நீ சத்தம் போட்டுச் சிரித்தது இந்த வீட்டுக்கே கேட்டது. அதுதான் பிரச்சினை. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறாள். எதையும் தனியாகக் கேட்க முடிவதில்லை. அதனால்தான் கடிதம். அம்மா உறையைத் தடவிப் பார்ப்பாளே தவிர, பிரிக்க மாட்டாள்.

பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் எனக்கு இன்டர்வியூ. "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்களாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூடப் படித்தவர்களைக் கேட்டால் எல்லாரும் சிரித்து மழுப்புகிறார்கள். நான்கு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள்கூட, "அதெல்லாம் எதுக்குடி" என்கிறாள்.

உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்? நீ எவ்வளவு வாங்குகிறாய், அக்கா? உன்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. அப்பா மட்டும் தெருவில் கேட்பவர்களிடம், "மூத்தவ சம்பளமா? சொன்னா மயக்கம் போட்டுருவீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உடனே பதில் போடு.

உன் வாலு


ஜனவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். இருமல் தேவலை. ஆபரேஷன் தியேட்டர் ஏசிக்குக் கீழேதான் என் ஸ்டூல், அதனால் முழுதாகப் போகாது. சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் நம்ம பெரிய டாக்டர், "ஆபரேஷன் உங்களுக்கா, அவருக்கா?" என்று கேலி செய்கிறார். ஆஸ்பத்திரியே அவருடையது, சிரித்துத்தான் ஆக வேண்டும்.

இன்டர்வியூவுக்கு வெளிர் நிறத்தில் உடுத்து. புதுச் செருப்பு வேண்டாம், கடிக்கும். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். நோயாளியை ஆபரேஷனுக்கு முந்தின நாளே போய்ப் பார்த்துப் பேசுவேன் என்று சொல், அது அவர்களுக்குப் பிடிக்கும். இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆறடி இரண்டு அங்குலம், நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறோம். நன்றாகத் தேறிவிட்டான்.

சம்பளப் பேச்சை நீயாக எடுக்காதே. முதல் நாளே காசைப் பற்றிப் பேசுகிறவர்களை யாரும் மதிப்பதில்லை. கேட்டால், "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிடு. வேலையைப் பார்த்து அவர்களாகவே செய்வார்கள். என் சம்பளம் உனக்கு உதவாது. இந்த ஊர் வேறு, அந்த ஊர் வேறு.

அப்பாவை மாடிப்படி ஏற விடாதே.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உன் நலத்துக்கு எழுது, இருமலைத் தவிர மற்றதையும் எழுது.

நீ பதில் சொல்லாதது எனக்கு வருத்தம்தான். அம்மாவிடம் வாய் தவறி உளறிவிட்டேன். "அவ சொல்லமாட்டாடி. சொன்னா நாம கை நீட்டிருவோமோன்னு பயம்" என்றாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நிமிடம் நினைத்தேன், பிறகு நினைக்கவில்லை.

இன்டர்வியூ முடிந்தது. மூன்று டாக்டர்கள் கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் நிர்வாகியின் அறைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி மேசை, எதிரில் நாற்காலி மட்டும் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. நீ சொன்னபடியே, "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சாய்ந்துகொண்டார். அவருக்கு உங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகியை நன்றாகத் தெரியுமாம். உன்னைப் பற்றியும் பேசினார். நல்லபடியாகத்தான்.

ஒரு தொகை சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அக்கா, நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு ரூம் குவார்ட்டர்ஸை விட்டு ஏன் இன்னும் மாறவில்லை? வேலைக்குப் பக்கம் என்று நீ சொன்னதை நான் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் நான் வந்தபோது ஒரே ஒரு மின்விசிறி இருந்தது, அதை என் பக்கம் திருப்பி வைத்தாய்.

உன் வாலு


பிப்ரவரி 25

வாலு,

நலம். உன் கடிதம் இன்று கிடைத்தது.

அந்த ஆள் என்னைப் பற்றி என்ன சொன்னார்? நல்லபடியாக என்றால் என்ன? வார்த்தைக்கு வார்த்தை எழுது. ஒன்றையும் விடாதே. அம்மா அப்பாவிடம் ஏதாவது சொன்னாயா? சொல்லாவிட்டால் சொல்லாதே. சொல்லிவிட்டிருந்தால் அதையும் எழுது.

சாப்பாடெல்லாம் சரியாகத்தான் சாப்பிடுகிறேன்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று, கோபித்துக்கொள்ளாதே.

அவர் சொன்னது இதுதான். "உங்க அக்கா தங்கமான டாக்டர். ஒரு நாள் லீவு கேட்டதில்லையாம். ஒரு பைசா கூட்டிக் கேட்டதில்லையாம். பதினாலு வருஷம் கழிச்சு அவங்க அங்க வாங்குறதவிட அதிகமா, நாங்க உங்களுக்கு முதல் மாசமே தர்றோம். பார்த்துங்க, வீட்ல அக்கா தங்கச்சிக்குள்ள சண்டை வந்துறப் போகுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசலுக்கு வந்து, செக்யூரிட்டி பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வாங்கும் தொகையையும் சொன்னார். அவர் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பொய் என்றால் ஒரு வரி எழுது, நம்பிவிடுகிறேன்.

உண்மை என்றால், என் காலேஜ் ஃபீஸையும் ஹாஸ்டலையும் நீ எப்படிக் கட்டினாய்? நீ வாங்குவதில் அது ஒரு மூலை என்றுதான் இந்த வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கணக்குப் போட உட்கார்ந்தேன், முடிக்கவில்லை.

உன் வாலு


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம்.

உனக்கு நல்ல வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. ஏற்றுக்கொள். எவனோ கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் சம்பளத்தைப் பேச நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நான் என்ன வாங்குகிறேன் என்பது என் விஷயம். உன் படிப்புக்குச் செய்ததை நீ கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, நான் பார்த்ததில்லை.

இதைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம்.

இப்படிக்கு
அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

"இங்கே அனைவரும் நலம்" என்று எழுதியிருந்தாய். நீ ஒருத்திதானே அங்கே இருக்கிறாய்? அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் வெயிலைப் பற்றி அம்மாவோடு அவ்வளவு நேரம் பேசினாய். நான் "அக்கா" என்றதும் தியேட்டரில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தியேட்டர் கிடையாது என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். முடிவு கேட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நீ. உன்னைவிட அதிகம் வாங்கிக்கொண்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் குறைந்த சம்பளத்தில் சேர்ந்துகொள்கிறேன். அப்பா காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

திட்டியாவது எழுது.

உன் வாலு


மே 2

என் வாலுவுக்கு,

உடம்பு பரவாயில்லை. சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான். நீ அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லித் தொலைக்காதே. இன்னும் சொல்லவில்லை என்றால் இதைப் படித்ததும் கீழே வைத்துவிட்டு அவர்களுக்குப் போன் செய்.

அவர் சொன்ன தொகை உண்மை. கைதான் எழுத மறுக்கிறது.

இங்கே சேர்ந்த அன்று பெரிய டாக்டர் கேட்டார், "எவ்வளவும்மா எதிர்பார்க்குற?" "நீங்களே பார்த்துக் கொடுங்க சார்" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் என் மேல் வந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். முதல் இரண்டு வருடம் காத்திருந்தேன். பிறகு கேட்கலாம் என்று இருந்தபோது அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அதற்கப்புறம் இங்கே கேட்கவும் கூச்சம், அங்கே சொல்லவும் கூச்சம். உனக்கும் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பினேனே, அதை நினைத்தால்தான் மனது ஆறவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். கேஸ் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது நெட்டையிடம் கேட்டேன். "கேக்கக்கூடாதுதான். நீ எவ்வளவு வாங்குற?"

அவன் முதலில் கதவைப் பார்த்தான். சம்பளத்தை வெளியே சொன்னால் வேலை போகும் என்று சேரும்போதே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "மேடம், விளையாடுறீங்களா? உங்களுக்கு என்னைவிட ரெண்டு மடங்காவது இருக்குமே" என்று தாழ்ந்த குரலில் தன்னுடையதைச் சொன்னான். ரெண்டு மடங்குதான், வாலு. ஆனால் அவனுக்கு.

மறுநாள் நிர்வாகியிடம் போனேன். எனக்கும் அவனுக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். நான் என்ன கேட்டாலும் அதே பதில்தான். "நாம ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம் டாக்டர்" என்றார். "குடும்பத்துலயும் இதப் பேசறதில்ல சார், அதுதான் இப்படி ஆயிருக்கு" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

தைரியம் அங்கேயே தீர்ந்துவிட்டது. சாயங்காலமே நெட்டையைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவன் இல்லை என்று சாதித்திருக்கிறான், நம்பவில்லை. அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம். தியேட்டரில் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் போகிறான். அவன் ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்து இன்று நானே போட்டேன். வரும் வெள்ளிக்கிழமை டாக்டர்கள் எல்லாரையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. நான் வாயைத் திறந்ததால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரப் போகிறதோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா


மே 6

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

என் பெயரைச் சொல். பைபாஸ் ரோட்டு நிர்வாகிதான் என் தங்கையிடம் சொன்னார், நெட்டைக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொல். அது பொய்கூட இல்லையே. உன் கடிதம் வந்ததும் போன் செய்து சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன், ஜூனில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இது தெரிந்து என்னை வேண்டாம் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குக் குழந்தை குட்டி இல்லை, வேறு இடம் பார்த்துக்கொள்வேன்.

போனை எடு. அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து மாடியிலிருந்து கூப்பிடுகிறேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

வாலு


மே 20

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். போன் லாக்கரில் இருந்தது, பிறகு எடுக்கத் தெம்பில்லை. அப்பா, அம்மா எப்படி இருக்கிறார்கள்?

உன் கூரியர் கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. உன் பெயரைச் சொல்லவில்லை. வேலைக்குச் சேரும் முன்பே உன்னை மாட்டிவிடவா நான் அக்கா?

கான்ஃபரன்ஸ் ரூமில் பதினைந்து பேர் இருந்திருப்போம். பெரிய டாக்டர் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து, "யாரோ இங்க சம்பள விஷயத்த வெளிய பேசியிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியும். அவரா எந்திரிச்சு ஒத்துக்கிட்டா நல்லது" என்று நெட்டையைப் பார்த்தார். நெட்டை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் போனான். அவ்வளவு உயரமானவன் எழுந்திருக்க நேரம் பிடிக்கும், நல்லவேளை. நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் சார் பேசினேன். இப்பவும் பேசறேன்" என்று என் சம்பளத்தைச் சொன்னேன். முழு எண்ணையும், கடைசி ரூபாய் வரைக்கும்.

எலும்பு டாக்டர் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர்தான் எங்களில் அதிகம் வாங்குகிறவர் என்று அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் எழுந்தோம், உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. அப்போது குழந்தை டாக்டரம்மா, என்னைவிட மூத்தவர், இடத்தில் இருந்தபடியே, "எனக்கு அதைவிடக் கம்மி" என்றார். தொகையையும் சொன்னார். ஸ்கேன் டாக்டர் தன்னுடையதைச் சொன்னார். அப்புறம் நெட்டையும் சொன்னான். வரிசையாக இல்லை, ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து சொன்னார்கள். "மீட்டிங் முடிஞ்சது" என்று பெரிய டாக்டர் எழுந்துவிட்டார். இத்தனை பேர் சொன்னபின் நெட்டையை மட்டும் எப்படி அனுப்புவது? அவன் இருக்கிறான்.

திங்கட்கிழமை நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். சம்பளத்தை உயர்த்துகிறோம், ஆனால் எவ்வளவு என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். அந்த இரண்டாவது பாதி இல்லாமல் இருந்தால் தங்கியிருப்பேன், வாலு. நான் அவ்வளவு பெரிய வீராங்கனை ஒன்றும் இல்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, பாத்ரூமில் நின்று அழுதேன்.

மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குழந்தை டாக்டரம்மா வீட்டு மாடி அறையில் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லியிருக்கிறார். நாற்பத்திரண்டு வயதில் வேலை தேடுகிறேன். அப்பா, அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எல்லாவற்றையும் சொல். என்னால் அந்த மேசை நடுவில் இருக்கும் போனில் சொல்ல முடியாது.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், ஒரு வாரமாக ரேடியோகூடப் போடாத நலம்.

சொல்லிவிட்டேன். அப்பா முதலில் கத்தினார். "இத்தன வருஷமா என்னைத் தெருவெல்லாம் பொய் பேச வெச்சுட்டாளே!" அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அவளா பேச வெச்சா? நீங்களா பேசினீங்க. ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?" என்றாள். "பொம்பளப் புள்ளகிட்ட சம்பளத்தக் கேட்டா, வாங்கித் திங்கப் பாக்குறான்னு நெனைக்க மாட்டாளா?" என்றார் அப்பா. மாடிக்குப் போனவரைத் தேடிப் போனால், என் சர்டிபிகேட் ஃபைலில் இருக்கும் ஃபீஸ் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. கீழே வந்துவிட்டேன்.

அம்மா உன்னைக் கஞ்சம் என்று சொன்னதற்கெல்லாம் அழுகிறாள். நீ வந்தால் என்ன சமைப்பது என்று இப்போதே என்னைக் குடைகிறாள்.

நான் சேர்ந்துவிட்டேன். கையெழுத்துப் போடும் முன் நிர்வாகியிடம், "இன்னும் கூட்டிக் கொடுங்க சார்" என்றேன். கொஞ்சம் கூட்டினார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். அதனால் உனக்குத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீ வேலை தேடும்போது அதற்குக் கீழே இறங்காதே.

உன் வாலு


ஜூலை 19

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். மாடி அறையில் காற்று நன்றாக வருகிறது, இருமல் போயே போய்விட்டது. அப்பாவின் கடிதம் வந்தது. நான்கு வரிதான், அதில் இரண்டு வரி முழங்காலைப் பற்றி. மற்ற இரண்டு வரியை உனக்குச் சொல்ல மாட்டேன்.

நேற்று ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எவ்வளவு கேட்பது என்று குழந்தை டாக்டரம்மாவும் நெட்டையும் நானும் உட்கார்ந்து பேசினோம். நெட்டைக்குப் பெண் குழந்தை, தூக்கிக்கொண்டே வந்திருந்தான். உன் தொகை, அவன் தொகை, அதற்குமேல் என் அனுபவம் எல்லாம் சேர்த்து ஒன்று சொன்னார்கள். கேட்டதும் எனக்குப் பயமாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். லிஃப்டில் இன்னும் கொஞ்சம்.

அங்கே இருந்தது ஒரு வயதான அம்மா. கண்ணாடியைக் கழற்றி, "எவ்வளவு எதிர்பார்க்குறீங்க டாக்டர்?" என்றார். பழைய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, நாங்கள் மூவரும் பேசி வைத்த தொகையையே சொல்லிவிட்டேன், குறைக்காததை. சொன்னதும் இன்னும் ஏதாவது விளக்கம் சொல்ல வேண்டும் போல வாய் துடித்தது. வயது, அனுபவம், வீட்டு நிலைமை என்று. சொல்லவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது நோயாளியின் முதல் மூச்சுக்குக் காத்திருப்போமே, அப்படி இருந்தது.

"சரி, ஒண்ணாம் தேதியிலிருந்து வந்துருங்க" என்றார். பேரம் பேசவே இல்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? படியிறங்கி வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. அந்த அம்மா அவ்வளவு சட்டென்று சரி என்றாரே. வாலு, நீ மறைக்காமல் சொல். குறைத்துக் கேட்டுவிட்டேனா?

அன்புடன்
அக்கா